இலைச்சாறு பங்கசைக் கொல்லுமா? மட்டக்களப்பு, அம்பாறை மாணவர்களுக்கு ஓர் ஆய்வுகூட வழிகாட்டி

மாரி பிடித்து வயலுக்குள் தண்ணீர் நிற்கத் தொடங்கினால், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் கால்விரல் இடுக்குகள் வெளுத்து ஊறிப் பிளக்கத் தொடங்கும். சேற்றுப்புண், படர்தாமரை, தேமல் மூன்றுமே இங்கு புதிதல்ல. பரியாரியார் ஓர் இலையைச் சொல்வார், பாமசியில் ஒரு களிம்புக் குழாயைத் தருவார்கள், பக்கத்து வீட்டு மாமி உள்ளியைத் தட்டிப் பூசச் சொல்லுவா. "அந்த இலையில் உண்மையாகவே ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டு ஆய்வுகூடத்துக்குள் நுழையும் மாணவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் வந்தாறுமூலையில் விஞ்ஞானம் படிப்பவராக இருக்கலாம், சம்மாந்துறையில் பிரயோக விஞ்ஞானம் படிப்பவராக இருக்கலாம், திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கும் நம்மூர்ப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

இந்தத் துறையில் வரும் மாணவர் ஆய்வறிக்கைகளில் பெரும்பாலானவை ஒரே வசனத்தில் போய் முடிகின்றன: "சாற்றைச் சுற்றி இத்தனை மில்லிமீற்றர் வட்டம் தோன்றியது, ஆகவே இது சிறந்த பங்கசு எதிர்ப்பு மருந்து." வட்டம், அதாவது சாற்றைச் சுற்றிப் பங்கசு வளராத இடம், தோன்றியது உண்மைதான். அந்த "ஆகவே"க்குத்தான் ஆதாரம் இல்லை. அதைச் சொல்லும் உரிமையை எப்படிச் சம்பாதிப்பது என்பதே கீழே வரும் படிகள்.

படி 1: எந்த நோய், எந்தப் பங்கசு?

"தோல் பங்கசு" என்று பொதுவாக எழுதித் தொடங்கினால் ஆய்வு கடைசிவரை பொதுவாகவே இருக்கும். படர்தாமரையையும் விரலிடுக்குப் புண்ணையும் பெரும்பாலும் உண்டாக்குவது தோலிலுள்ள கெரற்றின் என்ற புரதத்தைத் தின்னும் இழைப் பங்கசுக்கள். றைக்கோபைற்றன் ருப்ரம் அவற்றில் முதன்மையானது. தேமலை உண்டாக்கும் மலசேசியா ஒரு மதுவம் (ஈஸ்ற்), அதுவும் எண்ணெய் இருந்தால்தான் வளரும். வாய்ப்புண், தொடையிடுக்குப் புண், பெண்களுக்கு வரும் வெள்ளை போன்றவற்றில் காண்பது கன்டிடா. இந்த மூன்றுக்கும் வளர்ப்பு ஊடகம் வேறு, வளரும் காலம் வேறு, மருந்துக்குக் காட்டும் எதிர்வினையும் வேறு. கன்டிடாவில் சோதித்துவிட்டு "படர்தாமரைக்கு நல்லது" என்று எழுதுபவர்கள் நிறையப் பேர். அப்படி எழுத வேண்டாம்.

நோயாளியிடமிருந்து மாதிரி எடுப்பதாக இருந்தால், தோல் வைத்தியரின் மேற்பார்வையும் நெறிமுறைக் குழுவின் எழுத்து அனுமதியும் இல்லாமல் தொடங்கக் கூடாது. செதில் எடுப்பது சின்ன வேலைதானே என்று நினைத்து அதைத் தவிர்க்காதீர்கள். எடுத்த செதிலில் 10 முதல் 20 சதவீதப் பொற்றாசியம் ஐதரொட்சைட்டுத் துளியை விட்டு, நுணுக்குக்காட்டியின் கீழ் இழை தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். வட்டமாக இருப்பதெல்லாம் படர்தாமரை அல்ல. எக்சிமா, சொரியாசிஸ் இரண்டும் அதே உருவத்தில் வரும். வெளிறிய தழும்பில் அரிப்பும் இல்லை, தொட்டால் உணர்வும் இல்லை என்றால் அது தொழுநோயாக இருக்கலாம். வாவிக்குள் மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலை இருக்கும் மாவட்டம் இது. அந்த நோய் நமக்குப் பழைய கதை அல்ல. அப்படி ஒருவரைக் கண்டால் உங்கள் ஆய்வுக் கொப்பியை மூடிவைத்துவிட்டு அவரை வைத்தியசாலைக்கு அனுப்புங்கள்.

இன்னொன்றையும் மாதிரிப் படிவத்தில் கட்டாயம் கேளுங்கள்: "இதற்கு முன் என்ன பூசினீர்கள்?" ஸ்ரீரொயிட் கலந்த களிம்பு பூசியிருந்தால் அரிப்பு அடங்கும், சிவப்பு குறையும், பங்கசு மட்டும் பரவிக்கொண்டே இருக்கும். அந்தத் தோலைப் பார்த்து நோயைச் சொல்வது அனுபவமுள்ள வைத்தியருக்கே சிரமம்.

படி 2: செடியைத் தெரிந்தெடுத்தல்

கண்ணில் பட்ட இருபது செடிகளை எடுத்து எல்லாவற்றையும் மேலோட்டமாகச் சோதிப்பதைவிட, காரணத்தோடு தெரிந்த இரண்டை ஆழமாகச் சோதிப்பது நல்லது. வண்டுகொல்லியை, அதாவது சீமையகத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் ஓரங்களில், ஈரநிலத்தில் பெரிய கூட்டிலைகளோடும் மெழுகுதிரி போல் நிமிர்ந்த மஞ்சள் பூங்கொத்தோடும் நிற்கும். அமெரிக்க வெப்பவலயத்திலிருந்து வந்த செடி. அதன் இலையில் ரெயின், கிரைசோபனோல், அலோ எமோடின் போன்ற அந்திரகுயினோன்கள் உண்டு. 1994 இல் வெளியான ஓர் ஆய்வில் அதன் இலைச்சாற்றைத் தேமல் உள்ளவர்களிலேயே பரிசோதித்திருக்கிறார்கள். நாகமல்லியில் ரைனகந்தின் என்ற சேர்வைகள் இருக்கின்றன, அவற்றின் பங்கசு எதிர்ப்பும் அறியப்பட்டது. வெற்றிலையில் ஐதரொட்சிசவிக்கோல், கராம்பில் இயூஜெனோல், கறுவாப் பட்டையில் சின்னமல்டிகைட்டு. இப்படி வேதியியல் துப்பு ஒன்றும் பரியாரியாரின் பயன்பாடு ஒன்றும் சேர்ந்து கிடைக்கும் செடியே முதல் தெரிவு.

பரியாரியாரிடம் போனால் இலையின் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வராதீர்கள். எந்த வயது இலை, பச்சையாகவா காய்ந்ததா, எதில் அரைப்பது, எவ்வளவு நேரம் தோலில் வைப்பது, யாருக்குப் பூசக்கூடாது என்பதையெல்லாம் கேளுங்கள். அறிக்கையில் அவருடைய அறிவை எப்படிக் குறிப்பிடுவது என்பதையும் அவரிடமே கேட்டு, சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வண்டுகொல்லி இலையைத் தேசிக்காய்ச் சாற்றில் அரைத்துப் பூசச் சொல்லும் வழக்கம் உண்டு. இந்த ஒரு தகவலே உங்கள் பரிசோதனையின் அமைப்பை மாற்றிவிடும்: இலை மட்டும், தேசிக்காய் மட்டும், இரண்டும் சேர்ந்தது என மூன்றையும் சோதிக்க வேண்டும். பி.எச். பெறுமானம் இரண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் திரவம் தனியாகவே பல நுண்ணங்கிகளை அடக்கும். அதைத் தனியே சோதிக்காமல் இலைக்குப் பாராட்டுக் கொடுக்க முடியாது.

தேசிக்காய்ச் சாறு பூசிய தோலோடு வெயிலில் நின்றால் தோல் வெந்து, கொப்புளித்து, பிறகு கறுத்துப்போகும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சாற்றிலுள்ள பியூரானோகூமரின்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து செய்யும் வேலை அது. பூசிவிட்டு வயலுக்குப் போனவர் "நோய் கூடிவிட்டது" என்று நினைத்து இன்னும் கொஞ்சம் பூசுவார்.

செடியை அடையாளம் காண ஊர்ப்பெயர் போதாது. பூவும் காயும் உள்ள கிளை ஒன்றை அழுத்தி உலர்த்தி, பறித்த இடம், திகதி, பறித்தவர் விபரத்தோடு உலர்தாவர மாதிரி தயாரியுங்கள். தாவரவியல் பிரிவில் உறுதிப்படுத்தலாம்; ஐயம் தீரவில்லை என்றால் பேராதனைத் தேசிய உலர்தாவரகம் இருக்கிறது. மாதிரி இலக்கம் இல்லாத ஆய்வை இன்னொருவர் திருப்பிச் செய்ய வழியே இல்லை. கண்டல் காட்டுச் செடிகளை எடுப்பவர்கள் முதலில் அனுமதி பெறுங்கள். தில்லையை வெட்டும்போது கண்ணாடி போடுங்கள், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

படி 3: பறித்தல், காயவைத்தல்

நூல்களில் "நிழலில் உலர்த்துக" என்று ஒரே வரியில் எழுதிவிடுவார்கள். கார்த்திகை, மார்கழி மழையில் மட்டக்களப்பில் நிழலில் விரித்த இலை காயாது, பூசணம்தான் பிடிக்கும். அந்தப் பூசணத்தின் சேர்வைகளும் உங்கள் சாற்றுக்குள் வந்து சேரும். பிறகு நீங்கள் சோதிப்பது இலையையா, இலையில் வளர்ந்ததையா என்று உங்களுக்கே தெரியாது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பறிக்க முடிந்தால் பறியுங்கள். முடியாவிட்டால் காற்றோட்டமுள்ள உலர்த்தியில் 40 பாகை செல்சியசில் உலர்த்துங்கள். நிறை மாறாமல் நிற்கும்வரை நிறுத்துப் பார்த்து, ஒவ்வொரு நிறையையும் திகதியோடு எழுதுங்கள்.

கழுவும்போது குழாய்த் தண்ணீரில் ஒரு தரம், பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஒரு தரம். வயலோரச் செடி என்றால் பக்கத்து வயலுக்கு எப்போது எண்ணெய் அடித்தார்கள் என்று விசாரியுங்கள். எரிபந்தம் என்ற நெல் நோய்க்கு அடித்த பங்கசுநாசினி இலையில் ஒட்டியிருந்தால் உங்கள் சாறு அற்புதமாக வேலை செய்யும்!

படி 4: சாறு எடுத்தல்

காய்ந்த இலையைத் தூளாக்கி, 1 கிராம் தூளுக்கு 10 மில்லிலீற்றர் கரைப்பான் என்ற விகிதத்தில் ஊறவையுங்கள். 70 அல்லது 80 சதவீத எதனோல் பெரும்பாலான சேர்வைகளை ஓரளவு இழுத்துவிடும். தூய எதனோல் வாங்க மதுவரி நடைமுறைகள் இருக்கின்றன, ஆகவே ஆய்வுகூடப் பொறுப்பாளர் ஊடாகவே கேளுங்கள். மெதனோல் மலிவு, ஆனால் நஞ்சு. மருந்தாகப் பூச நினைக்கும் ஒன்றை அதில் எடுத்தால் எச்சம் முழுவதும் போய்விட்டது என்று காட்ட வேண்டிவரும்.

ஆட்டியில் 24 முதல் 72 மணித்தியாலம் வைத்து, வட்மன் 1 வடிதாளில் வடித்து, ரோட்டரி எவாப்பரேற்றரில் (சுழற்றி ஆவியாக்கும் கருவி) 40 பாகைக்கு மேல் போகாமல் கரைப்பானை நீக்குங்கள். கிடைத்த பசையை நிறுத்து, விளைவுச் சதவீதத்தைக் (தூளின் நிறையில் பசை எத்தனை சதவீதம்) கணக்கிட்டு, கறுப்புத்தாள் சுற்றிய குப்பியில் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் வையுங்கள். பரியாரியார் தண்ணீரில் அவிப்பதாகச் சொன்னால் நீங்களும் தண்ணீரில் ஒரு சாறு எடுக்கத்தான் வேண்டும். அவர் செய்யாத ஒன்றைச் சோதித்துவிட்டு அவருடைய மருந்து வேலை செய்யவில்லை என்று எழுதுவது நியாயமில்லை. நீர்ச்சாறு அறை வெப்பத்தில் ஒரு நாளிலேயே புளித்துவிடும், உடனே உறையவைத்து உலர்த்துங்கள்.

உள்ளி இந்த விதிக்குள் அடங்காது. அதன் வீரியமான அலிசின் முழுப் பல்லில் இல்லை. நசுக்கும்போது அலினேஸ் நொதியம் அலீனை மாற்றுவதால் உண்டாகிறது. சூடாக்கினால் நொதியம் கெடும், உலர்த்தி வைத்தால் அலிசினும் சிதையும். எனவே நசுக்கி, வடித்து, அன்றே சோதியுங்கள். கராம்பு, கறுவா எண்ணெய்களிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: அவற்றின் ஆவி ஒரே தட்டில் பக்கத்துக் குழிக்கும் போய் அங்குள்ள பங்கசையும் அடக்கும். கட்டுப்பாட்டுக் குழி வளராமல் நின்றால் இதை முதலில் சந்தேகியுங்கள்.

படி 5: பங்கசைப் பெறுதல்

முதல் சோதனைக்கு அறியப்பட்ட குலவகையே, அதாவது ஏ.ரி.சி.சி. போன்ற வளர்ப்புச் சேகரிப்பில் இலக்கமிட்டுப் பேணப்படும் பங்கசு வழியே வேண்டும். மதுவத்துக்குக் கன்டிடா பராப்சிலோசிஸ் ஏ.ரி.சி.சி. 22019, கன்டிடா குறூசி ஏ.ரி.சி.சி. 6258 இரண்டும் தரக்கட்டுப்பாட்டுக்கு உலகெங்கும் பயன்படுபவை. நோயாளியிடமிருந்து பிரித்ததை அதற்குப் பிறகு சேருங்கள். உள்ளூரில் இனங்காண முடியாததற்குக் கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது; மேற்பார்வையாளர் ஊடாக எழுதிக் கேளுங்கள்.

உயர்தர மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: நோய்க்கிருமியைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் வளர்க்கவே கூடாது. பாண் செய்யும் ஈஸ்ற்றை வைத்தே இந்த முறை முழுவதையும் கற்றுக்கொள்ளலாம். கணக்கும் ஒன்றுதான், கட்டுப்பாடுகளும் ஒன்றுதான்.

றைக்கோபைற்றன் வளர இரண்டு முதல் நான்கு வாரம் எடுக்கும். சபூரோ அகாரில் குளோரம்பெனிக்கோலும் சைக்குளோஹெக்சிமைட்டும் சேர்த்து 25 முதல் 30 பாகையில் வையுங்கள். தட்டைத் திருப்பினால் வைன் சிவப்பு தெரியும். ஆனால் ருப்ரம் வித்திகளைத் தருவதில் கஞ்சத்தனம் காட்டும், அதற்கு ஓட்ஸ் அகாருக்கு மாற்ற வேண்டும். மலசேசியாவுக்கு ஊடகத்தில் எண்ணெய் வேண்டும். இதிலிருந்து ஒரு கேள்வி தானாக எழுகிறது: தேமலுக்கு மூலிகையை எண்ணெயில் காய்ச்சிப் பூசினால், மருந்தோடு சேர்த்து அந்தப் பங்கசுக்குச் சாப்பாடும் கொடுக்கிறோமா? நல்ல ஆய்வுத் தலைப்பு, எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: வட்டம், எதற்கு உதவும், எதற்கு உதவாது

அகாரில் குழி தோண்டிச் சாற்றை ஊற்றி வட்டம் பார்க்கும் முறை மலிவானது, வேகமானது. "ஏதோ இருக்கிறது" என்று காட்ட அது போதும். இரண்டு சாறுகளை ஒப்பிட அது போதாது. நீரில் கரையும் சேர்வை அகாருக்குள் தூரம் ஓடும்; எண்ணெய்த் தன்மையுள்ளது குழிக்குள்ளேயே கிடக்கும். பெரிய வட்டம் வீரியத்தால் வந்ததா, ஓட்டத்தால் வந்ததா என்று வட்டத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

இதைவிட மோசமானது மருந்தோடு ஒப்பிடுவது. மில்லிலீற்றருக்கு 50 மில்லிகிராம் உள்ள சாற்றில் 100 மைக்கிரோலீற்றரைக் குழியில் விட்டால், உள்ளே போனது 5 மில்லிகிராம். பக்கத்தில் வைத்த, புளுகொனசோல் என்ற பங்கசு எதிர்ப்பு மருந்து ஊறிய வட்டில் இருப்பது 25 மைக்கிரோகிராம். இருநூறு மடங்கு அதிகமாகக் கொடுத்துவிட்டு, இரண்டு வட்டமும் ஒரே அளவு, ஆகவே "மருந்துக்கு நிகரானது" என்று எழுதுகிறோம். இதைப் பார்த்தும் கையெழுத்து வைக்கும் மேற்பார்வையாளர்கள் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தப் படியைச் சாறுகளைச் சலித்தெடுப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். வட்டம் வராததையும் உடனே எறிய வேண்டாம். எண்ணெய்த் தன்மையுள்ள சாறாக இருந்தால் அடுத்த படிக்கு அனுப்புங்கள்.

படி 7: இழிவுத் தடுப்புச் செறிவு

ஆய்வின் உயிர்நாடி இதுதான். பங்கசின் கண்ணுக்குத் தெரியும் வளர்ச்சியை நிறுத்தப் போதுமான மிகக் குறைந்த செறிவைக் கண்டுபிடிக்கிறோம். ஆய்வுகூடப் பேச்சில் எம்.ஐ.சி. ஆய்வுகூடத் தரங்களை வகுக்கும் அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. நிறுவனத்தின் எம் 27 ஆவணம் மதுவத்துக்கும், எம் 38 இழைப் பங்கசுக்கும். ஐரோப்பாவின் யூகாஸ்ற் முறையும் இருக்கிறது. ஒன்றைத் தெரிந்து கடைசிவரை அதன்படியே போங்கள். இரண்டிலிருந்தும் வசதியானதை மட்டும் பொறுக்கிச் சேர்த்தால் எதனோடும் ஒப்பிட முடியாது. கீழே மதுவத்துக்கான சி.எல்.எஸ்.ஐ. முறையைச் சொல்கிறேன்.

ஊடகம் ஆர்.பி.எம்.ஐ. 1640, மொப்ஸ் தாங்கலில் பி.எச். 7.0. சபூரோ குழம்பில் செய்தால் மலிவு, ஆனால் அதன் அமிலத்தன்மையும் கூடிய சீனியும் முடிவை மாற்றும்.

சாற்றுப் பசையை டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானில் மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராமாகக் கரையுங்கள். அதை ஊடகத்தில் ஐம்பது மடங்கு ஐதாக்கினால் மில்லிலீற்றருக்கு 2000 மைக்கிரோகிராம், அதில் கரைப்பான் 2 சதவீதம். 96 குழித் தட்டின் முதல் நிரலில் இதை 200 மைக்கிரோலீற்றர் விடுங்கள். இரண்டு முதல் பத்து வரையான நிரல்களில் வெறும் ஊடகம் 100 மைக்கிரோலீற்றர். முதலிலிருந்து 100 எடுத்து இரண்டாவதில் விட்டு, பிப்பெற்றால் நாலைந்து தரம் இழுத்து விட்டுக் கலந்து, அதிலிருந்து 100 எடுத்து மூன்றாவதில், இப்படியே பத்தாவது வரை போய், கடைசி 100 ஐக் கழிவில் விடுங்கள். ஒவ்வொரு நிரலுக்கும் புதிய முனை போடுங்கள். பழைய முனையோடு போனால் சுவரில் ஒட்டிய பிசின் கடைசிவரை கூடவே வரும். பச்சை நிறம் ஏழாவது, எட்டாவது குழியில்கூட மங்காமல் நிற்பதைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கிறது.

இனிப் பங்கசு. 24 மணித்தியாலம் வளர்ந்த குடியிருப்புகளை உப்புநீரில் கலந்து, கலங்கலை மக்பார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5 இற்குக் கொண்டுவாருங்கள். மில்லிலீற்றருக்குப் 10 இலட்சம் முதல் 50 இலட்சம் கலங்கள் இருக்கும். ஊடகத்தில் முதலில் ஐம்பது மடங்கும் பிறகு இருபது மடங்கும் ஐதாக்கினால் 1000 முதல் 5000. இதில் 100 மைக்கிரோலீற்றரை ஒவ்வொரு குழிக்கும் சேர்த்ததும் எல்லாமே பாதியாகும்: கலங்கள் 500 முதல் 2500, முதல் நிரலின் சாறு 1000 மைக்கிரோகிராம், கரைப்பான் 1 சதவீதம். பத்தாவது நிரலில் சாறு கிட்டத்தட்ட 2 மைக்கிரோகிராம். சேர்த்த கலங்கலில் ஒரு துளியை அகாரில் பரப்பி, மறுநாள் குடியிருப்புகளை எண்ணிப் பாருங்கள். கலங்கள் அதிகமானால் எம்.ஐ.சி. தானாக உயரும், எண்ணாதவர் அதைச் செடியின் குறை என்று எழுதுவார்.

பதினோராவது நிரலில் ஊடகமும் பங்கசும் மட்டும். அது நன்றாக வளர வேண்டும். பன்னிரண்டாவதில் ஊடகம் மட்டும். அது தெளிவாக இருக்க வேண்டும். இவை எல்லோரும் வைப்பவை. இவற்றோடு மூன்று வரிசைகளை விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, சாறில்லாமல் 1 சதவீத டி.எம்.எஸ்.ஓ.வோடு பங்கசு. இரண்டு, பங்கசில்லாமல் எல்லாச் செறிவிலும் சாறு; கரும்பச்சைச் சாறு தானே கலங்கலாகத் தெரியும், அதைக் கழித்துத்தான் வளர்ச்சியைச் சொல்ல முடியும். மூன்று, புளுகொனசோல். கன்டிடா பராப்சிலோசிஸ் 22019 இல் 24 மணித்தியாலத்தில் அதன் எம்.ஐ.சி. 0.5 இற்கும் 4 மைக்கிரோகிராமுக்கும் இடையில் வர வேண்டும். வரவில்லையா? அன்றைய தட்டு முழுவதையும் விலக்குங்கள், உங்கள் சாறு எவ்வளவு அழகான முடிவைக் காட்டியிருந்தாலும் சரி.

35 பாகையில் 24 மணித்தியாலம் வைத்துப் பாருங்கள். றைக்கோபைற்றனுக்கு 35 பாகையில் நான்கு நாள், கலங்கல் மில்லிலீற்றருக்கு 1000 முதல் 3000 வித்தி, ஒப்பீட்டு மருந்து ரேபினபின். இரவில் மின்சாரம் போனால் இன்குபேற்றர் எந்த வெப்பத்துக்கு இறங்கியது என்று காலையில் வந்து ஊகிக்காதீர்கள். உயர்வு, இழிவு காட்டும் வெப்பமானி ஒன்றை உள்ளே வையுங்கள்.

கண்ணுக்குப் பிடிபடாத கலங்கலுக்கு ரெசாசுரின் சேர்க்கலாம். உயிருள்ள கலம் நீலத்தை இளஞ்சிவப்பாக்கும். ஆனால் பினோலிக் சேர்வைகள் நிறைந்த சாறு பங்கசே இல்லாமலும் அதே வேலையைச் செய்துவிடக்கூடும். மேலே சொன்ன இரண்டாவது வரிசையிலும் ரெசாசுரினை விட்டால் இந்த ஏமாற்று வெளிப்படும். கடுக்காய், மாதுளங்கோது போன்ற தனின் மிகுந்தவை புரதங்களைப் பொதுவாகவே பிடித்து வீழ்படிவாக்குபவை. அவற்றில் கிடைக்கும் தடுப்பைக் கண்டு மயங்க வேண்டாம்.

எந்த எண் நல்லது? பண்படுத்தாத சாறுக்கு மில்லிலீற்றருக்கு 100 மைக்கிரோகிராமுக்குக் கீழே வந்தால் பின்தொடரத் தகுந்தது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். 625 இற்கு மேலே போனால் பலவீனம். சாறு எப்போதும் பல சேர்வைகளின் கலவை என்பதால் தூய மருந்தின் எண்ணோடு நேரே மோதவிடக் கூடாது. ஆனால் ரேபினபின், எளிதில் கட்டுப்படும் றைக்கோபைற்றனை 1 மைக்கிரோகிராமுக்கும் மிகக் கீழேயே நிறுத்திவிடும் என்பதை மனதில் வைத்திருந்தால் தலைப்பில் "அதிவீரிய" என்ற சொல் வராது.

ஒரே தட்டில் மூன்று குழி வைப்பது உங்கள் கை நடுக்கத்தை அளக்கும், அவ்வளவுதான். வேறு வேறு நாளில், புதிதாக வளர்த்த பங்கசோடு மூன்று தரம் செய்தால்தான் அது மூன்று தரம். முடிந்தால் இன்னோர் இடத்தில், இன்னொரு மாதத்தில் பறித்த இலையிலும் ஒரு தரம் செய்யுங்கள். திருக்கோவில் கரையோர மண்ணில் நின்ற செடியும் வெல்லாவெளி வாய்க்காலோரம் நின்ற செடியும் ஒரே எண்ணைத் தரும் என்று யார் சொன்னது?

படி 8: கொன்றதா, நிறுத்தியதா?

வளர்ச்சி தெரியாத குழிகளிலிருந்து 20 மைக்கிரோலீற்றர் எடுத்து, சாறில்லாத புதிய அகாரில் விட்டு வளருங்கள். தொடக்கத்தில் இருந்த கலங்களில் 99.9 சதவீதம் போயிருந்தால் அந்தச் செறிவு கொல்லும் செறிவு. திரும்ப முளைத்தால் சாறு நிறுத்திவைத்தது மட்டுமே. தோல் நோயில் இந்த வேறுபாடு பூசும் நாட்களின் எண்ணிக்கையாக மாறும்.

படி 9: பங்கசுக்கு நஞ்சு, மனிதக் கலத்துக்கு?

பங்கசின் கலமும் நமது கலமும் கருவுள்ளவை. பக்றீரியாவைவிடப் பங்கசு நமக்கு நெருங்கிய உறவு. அதனால்தான் நம்மைத் தொடாமல் அதை மட்டும் அடிக்கும் மருந்துகள் குறைவு. தில்லைப் பாலும் எருக்கலம் பாலும்கூடப் பங்கசை அடக்கலாம். அதற்காக யாரும் அவற்றைக் குழந்தையின் தொடையில் பூச மாட்டோம்.

ஆகவே எம்.ஐ.சி.யோடு நின்றுவிடாமல் ஹாகற் எனப்படும் மனிதத் தோல் கலங்களிலோ, வேரோ எனப்படும் குரங்குச் சிறுநீரகக் கலங்களிலோ சாற்றைச் சோதித்து, பாதிக் கலங்களைக் கொல்லும் செறிவைக் கண்டுபிடியுங்கள். அதை எம்.ஐ.சி.யால் வகுத்தால் தெரிவுச் சுட்டி. 10 இற்கு மேலே இருந்தால் நம்பிக்கை, ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தால் அது பொது நஞ்சு. கலவளர்ப்பு வசதி இல்லாத இடங்களில் ஆட்டீமியா என்ற உவர்நீர் இறால் குஞ்சுகளை வைத்து முதற்கட்டச் சோதனை செய்வார்கள். அது எச்சரிக்கை மணி மட்டுமே, பாதுகாப்புச் சான்றிதழ் அல்ல. வண்டுகொல்லி வகை அந்திரகுயினோன்களில் எனக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும். அதே குடும்பச் சேர்வையான கிரைசரோபினைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் படர்தாமரைக்குப் பூசினார்கள். வேலை செய்தது, தோலையும் எரித்துக் கறைப்படுத்தியது.

படி 10: மனிதத் தோலுக்கு வரும்போது

இந்த இடத்தில் மாணவர் ஆய்வு நிற்க வேண்டும். "சும்மா நாலு பேருக்குப் பூசிப் பார்த்தோம்" என்பது ஆய்வு அல்ல, குற்றம். மனிதரில் சோதிக்க நெறிமுறைக் குழுவின் அனுமதி, தகுதியுள்ள வைத்தியர், பங்குபற்றுபவர்களின் எழுத்துச் சம்மதம், இலங்கை மருத்துவப் பரிசோதனைப் பதிவகத்தில் முன்கூட்டிய பதிவு எல்லாம் வேண்டும். 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கத் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் இருக்கிறது. நீரிழிவு உள்ளவரின் கால்விரல் இடுக்கு விளையாடிப் பார்க்கும் இடமே அல்ல.

ஒப்பீட்டுக் குழு ஏன் தேவை என்பதற்கு 2002 இல் அவுஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வு நல்ல உதாரணம். விரலிடுக்குப் பங்கசுள்ள 158 பேருக்கு நான்கு வாரம் ரீ ட்ரீ என்ற அவுஸ்திரேலிய மரத்தின் எண்ணெய்க் கரைசலையோ எண்ணெயில்லாத அதே கரைசலையோ கொடுத்தார்கள். 25 சதவீத எண்ணெய் பூசியவர்களில் 72 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம். எண்ணெயே இல்லாத கரைசலைப் பூசியவர்களிலும் 39 சதவீதத்தினருக்கு முன்னேற்றம்! கால் கழுவி, துடைத்து, ஒழுங்காகக் கவனித்தாலே பலருக்குக் குறைகிறது. ஒப்பீட்டுக் குழு இல்லாமல் பத்துப் பேருக்குப் பூசி நாலு பேருக்குச் சுகம் என்றால் அந்த நாலு பேரும் யார் கணக்கில்?

படி 11: எழுதுதல்

முறைப் பகுதியை, இன்னொரு ஊரில் இருப்பவர் உங்களைத் தொலைபேசியில் அழைக்காமலே செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு எழுதுங்கள்: உலர்தாவர மாதிரி இலக்கம், பறித்த மாதம், கரைப்பான் விகிதம், விளைவுச் சதவீதம், குலவகை எண், ஊடகம், கலங்களின் எண்ணிக்கை, ஒப்பீட்டு மருந்தின் எம்.ஐ.சி., ஒவ்வொரு நாளின் தனி எண்கள். சராசரியை மட்டும் கொடுத்தால் போதாது. இரட்டிப்பாக ஏறும் செறிவுகளில் ஒரு குழி முன்பின் வருவது இயல்பு, 62.5 இற்கும் 125 இற்கும் இடையில் "குறிப்பிடத்தக்க வேறுபாடு" காட்டப் புள்ளிவிபரத்தை முறுக்க வேண்டாம்.

ஒன்றும் செய்யாத சாற்றையும் அட்டவணையில் போடுங்கள். அடுத்த வருட மாணவர் அதே செடியோடு அதே ஆறு மாதத்தைக் கழிக்காமல் இருப்பார். முடிவுரையில் "இந்தக் குலவகையில், இந்த முறையில், இந்தச் செறிவில் வளர்ச்சி நின்றது" என்று எழுதுங்கள். "படர்தாமரையைக் குணமாக்கும்" என்று எழுத உங்களிடம் தரவு இல்லை. அறிக்கை கட்டி முடிந்ததும் ஒரு பிரதியோடு பரியாரியாரிடம் போய், எந்தச் சாறு எந்த அளவில் வேலை செய்தது, எது செய்யவில்லை, தேசிக்காயும் வெயிலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நேரில் சொல்லுங்கள். அவரிடம் வருபவர்களுக்கு நாளைக்கே பயன்படக்கூடியது அந்தக் கடைசித் தகவல்தான்.